எப்சிபா என்கிற வேண்டா

மஸ்கட்டிலிருந்து சாம்சன் கூப்பிட்டபோது வேண்டா சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். கை முழுக்கச் சேறு. போனைக் காதில் வைக்க முடியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கேணியிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அதனால் நடவுக்கு வந்திருந்த அத்தனை பெண்களும் அந்தச் செய்தியை அவளோடு சேர்ந்தே கேட்டார்கள்.

"அக்கா, பொண்ணுக்கா."

"தோத்திரம் நைனா. ஏஞ்சலு நல்லா கீதா?"

"கீதுக்கா. ஆபரேசன்தான்." அவன் குரல் இறங்கியது. "மூணாவதும் பொண்ணு."

வரப்பில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். வேண்டா முறைத்தாள்.

"நான் லீவு போட்டுக்கினு வரேன். வந்ததும் ஞானஸ்நானம், தொட்டில் எல்லாம் ஒண்ணா வச்சிக்கலாம். அத்தைக்காரி நீதான் பேர் வைக்கணும். வேற பேரெல்லாம் தேடாத. உன் பேரையே வையி."

செங்கேணி போனைத் தன் முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னாடி, மூஞ்சி இப்படிப் போவுது? தம்பி பொண்ணுக்கு அத்த பேரு. இதைவிட இன்னா மருவாத வேணும் உனக்கு?"

வேண்டா கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் அப்படியே மூடி வைத்துவிட்டு நாற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வயலில் இறங்கினாள்.

காவாந்தண்டலம் காலனியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவள், கருத்த, எலும்பு பெருத்த உடம்பு, நடவில் யாரும் அவளை முந்த முடியாது. ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அவள் பெயர் வேண்டாம். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதாகவும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். இந்தப் பக்கத்தில் அது புதிதல்ல. இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்கோ கர்த்தருக்கோ சொல்லியனுப்புகிற வழி அது. தினம் பத்துத் தடவை வாய்விட்டுக் கூப்பிட்டால் மேலே உள்ளவருக்கு ஒரு தடவையாவது காதில் விழாதா என்கிற கணக்கு.

அவள் விஷயத்தில் விழுந்துவிட்டது. அவள் தவழ்ந்து எழுந்து நிற்பதற்குள் அம்மா வயிற்றில் சாம்சன் வந்துவிட்டான்.

ஆனால் அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு அம்மா அவளைக் கோயிலுக்குத் தூக்கிப்போன அன்று, அப்போது சபைப் போதகராக இருந்த கிழட்டு ஐயர் குழந்தையின் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னாள். ஐயர் கையிலிருந்த தண்ணீரைத் திரும்பக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாராம். "இந்தப் பேருக்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன்" என்றாராம். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, பிறகு தானாகவே ஒரு பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீரை விட்டார். எப்சிபா. அதற்கு அர்த்தம்கூட அம்மாவிடம் விளக்கிச் சொன்னார். அம்மாவுக்கு அன்றைக்கு மதியம் கழனியில் களை இருந்தது. வீடு வருவதற்குள் அர்த்தம் மறந்தது. சாயங்காலத்துக்குள் பெயரும் மறந்தது. அடுத்த வருஷம் ஐயரும் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தார்.

இதெல்லாம் வேண்டாவுக்குத் தெரியவந்தது கல்யாணத்தின்போதுதான்.

ஏசுதாசுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் ஓலை வாசித்தார் புது ஐயர். 'இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்' என்று சபைக்கு அறிவிக்கிற வழக்கம். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "காவாந்தண்டலம் சபையைச் சேர்ந்த ஏசுதாசுக்கும், அதே சபையைச் சேர்ந்த எப்சிபாளுக்கும்" என்று வாசித்தார்.

சபையில் தலைகள் திரும்பின. பிறகு பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. வேண்டா எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் ஏசுதாஸின் கழுத்து வேர்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. அம்மா விருட்டென்று எழுந்தாள்.

"ஐயரே, நிறுத்துங்க! பரிசம் போட்டது எம்பொண்ணுக்கு. எவ அவ நடுவுல எப்சிபா?"

"அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று ஏசுதாஸ் இரண்டு கையையும் தூக்கினான். சபை கொல்லென்று சிரித்தது.

ஐயர் திகைத்துப் போய்ச் சொன்னார். "உங்க பொண்ணுதாம்மா அது. பீட்டர் மகள், நாலாவது பொண்ணு. உங்களுக்கே தெரியாதா?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடக் கர்த்தரே, ஆமாண்டி! அந்தக் கெயட்டு ஐயரு என்னமோ ஒண்ணு சொல்லித்தான் ஊத்துனாரு" என்றாள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்குக் காலனியில் அதுதான் பேச்சு. மாப்பிள்ளையைக் கண்டவர்களெல்லாம், "இன்னா ஏசுதாசு, ரெண்டு பொண்டாட்டியாமே" என்றார்கள்.

எல்லோரும் சிரித்தபோது வேண்டாவும் சிரித்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், ஏரிக்கரை திரும்புகிற இடத்தில், அவளுக்குத் திடீரென்று கால் நின்றுவிட்டது.

அந்தப் பெயரை அவள் அதற்கு முன்னும் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

பத்தாம் வகுப்பு முடித்த கோடை அது. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அம்மாமார் வந்திருந்தார்கள். நர்ஸ் வேலைக்குப் பயிற்சி கொடுக்க, தங்க வைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்க, சபைக்குச் சில பெண்களை எடுப்பதாகச் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் சபைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "எப்சிபா" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். வேண்டா கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலத் தானும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, யார் அந்தப் பாக்கியவதி, ஏன் வராமல் இருக்கிறாள் என்று தேடினாள். மனதுக்குள் அவள்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய வாய்ப்பு, வந்து உட்கார உடம்பு வளையவில்லையே என்று. பதிவேட்டில் உள்ள எப்சிபா யார் என்று தெரிந்த உபதேசியார் அன்றைக்கு மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். அந்த அம்மாமார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெயமணி எழுந்து போனாள். ஜெயமணி இப்போது செங்கல்பட்டுப் பக்கம் தலைமை நர்ஸ், ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது, மாடிவீடு.

ஏரிக்கரையில் நின்றவளை அம்மா கேட்டாள். "இன்னாடி, முள்ளு குத்திச்சா?"

"ஒண்ணியும் இல்லம்மா."

அம்மாவிடம் அதை அவள் சொல்லவே இல்லை. சொன்னால் அம்மா செத்துப்போவாள் என்று நினைத்தாள். அம்மா செத்தபோது, சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தாள்.

கல்யாணமான புதிதில் ஏசுதாஸ் ஆசையாக அவளை எப்சி என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு வாரம் தாங்கியது. செங்கல் சூளையில் அவனோடு வேலை செய்தவர்கள் அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். அவனுக்கும் வாயில் நுழையவில்லை. "கட்சிப் பேரு மாதிரி கீதும்மே" என்று விட்டுவிட்டான். பெண் பிறந்தபோது மட்டும் வேண்டா பிடிவாதமாக இருந்தாள். கோயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்கிற பேச்சே கூடாது. ஒரே பெயர். ஷாரோன். ஏசுதாஸின் அம்மா, "அடுத்தது பையனாப் பொறக்க வாணாமா?" என்று ஜாடை பேசியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷாரோனுக்குப் பிறகு பிள்ளையே இல்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை.

தன் பெண்ணுக்கு இவ்வளவு செய்தவள்தான், அடுத்தவள் பெண்களுக்கு அதைச் செய்தாள்.

முதலில் செங்கேணியின் நாத்தனார் வந்தாள். இரண்டாவது பெண்ணைத் தூக்கிக்கொண்டு, வெற்றிலைப் பாக்கு, வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துணியோடு. "நீ பொறந்ததும் தம்பி பொறந்தான். ராசியான பேரு. எம்பொண்ணு காதுல உன் வாயால உன் பேரை மூணு தபா சொல்லு" என்றாள். வேண்டா கூச்சப்பட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னாள். அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் சிரித்தார்கள். பிறகு குழந்தையை மடியில் வாங்கி, காதைத் தன் வாயோரம் சாய்த்து, மூன்று தடவை சொன்னாள். அந்த நாத்தனாருக்கு அடுத்த வருஷமே பையன் பிறந்தான்.

அதன்பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாலவாக்கத்திலிருந்து வந்தார்கள். உத்திரமேரூருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். கழனிக்காரர் வீட்டு மருமகள்கூட, வாசலைத் தாண்டி இவளை உள்ளே விடாத வீடு, காரில் வந்து காலனி முனையில் நின்று, குழந்தையை நீட்டினாள். பையன் பிறந்தவர்கள் இனிப்போடு திரும்பி வந்தார்கள். பிறக்காதவர்கள் திரும்பி வரவில்லை. வராதவர்களை யார் எண்ணுகிறார்கள்? பிறந்தது மட்டும்தான் ஊர் வாயில் நின்றது.

அவளுக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. பிறந்ததிலிருந்து அவளைக் கூப்பிட்டவர்களெல்லாம், அவர்கள் அறியாமலே, போ போ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே பெயரைத் தேடிக்கொண்டு, தட்டில் வெற்றிலை வைத்து, வா வா என்று ஆட்கள் வந்தபோது அவள் முதுகு நிமிர்ந்தது. பெட்டியில் ரவிக்கைத் துணிகள் சேர்ந்தன. அந்தப் பெயரால் அவளுக்கு நடந்த ஒரே நல்லது அது. அதை வேண்டாம் என்று தள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

சாம்சன் வருவதற்கு முந்தின வாரம், குழந்தைக்குத் துணி எடுக்க உத்திரமேரூர் போனாள். எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. முகம் எங்கோ பார்த்த முகம்.

"காவாந்தண்டலம் அத்த தான நீங்க?"

"ஆமாம்மா. நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

"சாலவாக்கம் முனியம்மா பொண்ணு. நீங்கதான் எனக்குப் பேரு வச்சீங்களாம்."

வேண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாக அவள் கன்னத்தைத் தொடப்போனாள். "அப்படியா கண்ணு! அம்மா எப்படி கீது? தம்பி இன்னா படிக்கிறான்?"

"தம்பியும் பொறக்கல, ஒண்ணியும் பொறக்கல. எனக்கு அப்பால அம்மாவுக்குக் கர்ப்பப்பையே எடுத்துட்டாங்க. பேரு மட்டும் என்னாண்ட தங்கிடுச்சி." அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் வரும் நேரம் சொல்கிறவள் போலச் சொன்னாள். கழுத்து அட்டையை எடுத்துக் காட்டினாள். "லைன்ல ஆள் கூப்பிடுறப்போ சூப்பர்வைசர் இந்தப் பேரைச் சொன்னா, அந்தாண்ட கோடி வரைக்கும் சிரிப்பாங்க. வடக்கத்திப் பசங்களுக்குக் கூட அர்த்தம் சொல்லிக் குடுத்து வச்சிக்கிறாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க கூட, அபசகுனமா கீதுன்னு ரெண்டு பேரு எழுந்து பூட்டாங்க."

"மாத்திக்கலாமேம்மா. கவர்மெண்டுல எழுதிக் குடுத்தா மாத்துவாங்களாமே."

"மாத்தலாம் அத்த. இன்னா பேரா மாத்திக்கிறதுன்னு தான் தெரில. வேற பேரு எனக்கு யாரும் வைக்கலியே. உங்களுக்காவது கோயில்ல ஒண்ணு கீதாம், எங்கம்மா சொல்லும்." பிறகு கொஞ்சம் தயங்கி, தலையைச் சாய்த்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். "உங்க பொண்ணுக்கு மட்டும் ஷாரோன்னு வச்சிக்கினீங்களே, ஏன் அத்த?"

பஸ் வந்தது. வேண்டா எப்படி ஏறினாள், யார் சீட்டுக் கொடுத்தார்கள், எதுவும் நினைவில்லை. குழந்தைக்கு எடுத்த துணிப்பையை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவந்ததைக்கூட ஊரில் இறங்கித்தான் பார்த்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உபவாசக் கூட்டம் முடிந்ததும் ஐயரைத் தேடிப் போனாள். இப்போதிருக்கிற ஐயர் சின்ன வயசு, வேதசாஸ்திரம் படித்தவர், பைக்கில் நாலு சபைக்கும் ஓடுகிறவர். அவள் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இந்த ஊரில் இதுவரை யாரும் அவரிடம் எபிரேய மொழியைப் பற்றிக் கேட்டதில்லை.

"அது ஒரு பேரு மட்டும் இல்லம்மா. எபிரேயத்துல அது ஒரு வாக்கியம். 'எப்சி'ன்னா என் பிரியம், என் ஆசை. 'பா'ன்னா அவளிடத்தில். என் பிரியமெல்லாம் அவள்மேலதான் இருக்குன்னு அர்த்தம். முதல்ல ஒரு ராணிக்கு இருந்த பேரு. எசேக்கியா ராஜாவோட மனைவி. மனாசே ராஜாவுக்கு அம்மா."

"ஆம்பளப் புள்ளைய பெத்தவதானா அவளும்" என்றாள் வேண்டா.

ஐயர் சிரித்தார். "பெத்தா, ஆனா அவன் ரொம்பக் கெட்ட ராஜா. அதை விடுங்க. அதுக்கப்புறம் எதிரிங்க வந்து எருசலேமைச் சுட்டுப் பாழாக்கிட்டாங்க. அந்த ஊரைப் பார்த்தவங்க எல்லாம் கைவிடப்பட்டவ, கைவிடப்பட்டவன்னு கூப்பிட்டாங்க. அப்போதான் தீர்க்கதரிசி வந்து சொல்றாரு. இனி உனக்கு அந்தப் பேரு இல்லை, கடவுள் உனக்குப் புதுப் பேரு வைக்கிறாரு, எப்சிபான்னு கூப்பிடுவாங்கன்னு. உங்களுக்கு அந்தப் பேரை வச்ச ஐயர் யோசிச்சுத்தான் வச்சிருக்காரு. நேர் எதிர்ப் பேரு."

 வேண்டாம் என்பதும் ஒரு வாக்கியம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாக்கியத்துக்கு இன்னொரு வாக்கியத்தால் அந்தக் கிழவர் பதில் சொல்லியிருக்கிறார். பதில் சரி. ஆனால் அதை ஒரு வாய்க்கும் பழக்காமல், கோயிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ஐயரே, அந்த ஊர்க்காரங்க அப்பால அப்படித்தான் கூப்பிட்டாங்களா?"

"எப்படி?"

"எப்சிபான்னு."

ஐயர் யோசித்தார். "தெரியலம்மா" என்றார் நேர்மையாக. "எருசலேம்னுதான் கூப்பிட்டிருப்பாங்க."

அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். தம்பி மகளுக்கு இந்தப் பெயர்தான். கோயிலுக்கும் இதுதான், வீட்டுக்கும் இதுதான். தன் வாயால் இன்னொரு குழந்தை காதில் அந்த வார்த்தை விழாது.

சாம்சன் வந்தான். விமான நிலையத்திலிருந்து வந்த கார் நின்றதும் முதலில் அக்காவைத்தான் கட்டிக்கொண்டான். தலை நரைத்திருந்தது. நாலு அக்காக்களைக் கட்டிக்கொடுத்த கடனை அடைத்துவிட்டு, வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்தவன். அவளுக்கு அவன்மேல் உயிர். சின்ன வயதில் அவன் கையை அவள் விட்டதே கிடையாது.

கோயிலில் கூப்பிட எப்சிபா என்று அவள் சொன்னதற்கு அவன் மறுப்பே சொல்லவில்லை. "கோயிலுக்கு நீ எது வேணும்னாலும் வையிக்கா. அது ஐயர் பாடு. தொட்டில்ல போட்டுக் காதுல சொல்ல மட்டும் உன் பேரு."

"அது வாணாம் நைனா. தொட்டில்லயும் எப்சிபாவே இருக்கட்டும்."

"ஏன்க்கா?"

"அந்தப் பேரோட நான் பட்டது உனக்குத் தெரியாது."

சாம்சன் நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "இன்னாக்கா பட்ட? ஊரே உன்னைத் தேடிக்கினு வருது. எந்த ஊர்லயோ பொறந்த புள்ளைக்கெல்லாம் வைக்கிற, என் புள்ளைக்கு வைக்க மாட்டியா? உன் பேருதான்க்கா என்னை இந்த வூட்டுக்கு இட்டுக்கினு வந்துச்சி. அந்தப் பேரு இல்லன்னா நானே இல்ல."

 அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஊர் தேடி வந்தது, அவள் உட்கார்ந்து வெற்றிலை வாங்கினாள். ஆஸ்பத்திரி அம்மாமாரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். நடந்து இத்தனை காலமான பிறகு இவனிடம் சொன்னால், நீ பிறந்ததற்கு நான் கொடுத்த விலை இது என்று சொல்லிக்காட்டுவதுபோல் ஆகிவிடுமே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் குழந்தையைக் கையில் வாங்கி, "எப்சிபா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று தண்ணீர் விட்டபோது சத்தம் சபை முழுக்கக் கேட்டது. வேண்டாவுக்கு அழுகை வந்தது. பின்வரிசையில் யாரோ, "அய்ய, இது ஏசுதாசோட ரெண்டாவது பொண்டாட்டி பேராச்சே" என்றார்கள். அந்தப் பழைய வேடிக்கைக்கு இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

வீட்டில் சாமியானா போட்டிருந்தது. பிரியாணி அண்டா இறங்கிவிட்டது. தொட்டிலுக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தபோது ஏஞ்சல் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முப்பதைத் தாண்டிய, வெளிறிப்போன முகம். நடக்கும்போது ஒரு கை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணி, நீங்க வேற பேரு சொல்லப் போறீங்கன்னு அவரு சொன்னாரு."

"ஆமாம்மா. நல்ல பேரு அது. அர்த்தம் சொல்றேன் கேளு."

"அர்த்தம் இருக்கட்டும் அண்ணி." ஏஞ்சல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மூணும் ஆபரேசன். இதோட போதும்னு டாக்டரம்மா திட்டி அனுப்பிச்சாங்க. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறேன்னேன். உங்க தம்பிதான் போன்லயே கூடாதுன்னுட்டாரு. இன்னும் ஒரே ஒரு தபா பாக்கலாம்ன்றாரு. எப்படியும் வுட மாட்டாரு அண்ணி. அந்த ஒரு தபா பையனாப் பொறந்துட்டா என்னை வுட்ருவாங்க. இல்லன்னா அடுத்ததுக்கும் கேப்பாரு. அப்போ நான் இருப்பேனோ மாட்டேனோ. உங்க வாயால அதைச் சொல்லிடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் வுயறேன்" என்று குனிந்து காலைப் பிடித்தாள்.

"ஐயோ, எழுந்திரும்மா. அதெல்லாம் பேரால நடக்குறது இல்ல ஏஞ்சலு. நான் சொல்றேன் கேளு, பேரால ஒண்ணியுமே நடக்குறது இல்ல."

"அப்போ இத்தினி வருசமா ஏன் சொன்னீங்க அண்ணி?"

வெளியே சாம்சன் கதவைத் தட்டினான். "நேரம் ஆவுதுக்கா."

வேண்டாவைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குழந்தை முழித்துக்கொண்டிருந்தது, வாயில் கட்டைவிரல். கூட்டம் சுற்றி நின்றது. எதிரே ஏஞ்சல், கண்ணை எடுக்காமல். வேண்டா குனிந்தாள். குழந்தையின் தலையிலிருந்து ஞானஸ்நானத் தண்ணீரின் ஈரம் இன்னும் போகவில்லை. காதோடு வாயை ஒட்டினாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்காத சின்னக் குரலில், எப்சிபா, எப்சிபா, எப்சிபா என்றாள்.

நிமிர்வதற்குள் செங்கேணி கையைத் தட்டினாள். "சின்ன வேண்டா! நம்ம வூட்டுக்குச் சின்ன வேண்டா வந்துட்டா!" பெண்கள் எல்லோரும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அதையே சொன்னார்கள். என்ன சொன்னாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அது இல்லை, நான் சொன்னது வேறு என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. வாயும் திறந்துதான் இருந்தது. ஏஞ்சல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "நீங்க நல்லா இருக்கணும் அண்ணி" என்றாள். அந்தத் தோள் நனைவதை உணர்ந்தபடி வேண்டா வாயை மூடிக்கொண்டாள். சாம்சன் அவள் மடியில் ஒரு பட்டுப் புடவையை வைத்தான். கிழட்டு ஐயர் செய்ததையே தானும் செய்துவிட்டோம் என்பது அவளுக்குப் பிரியாணி சாப்பிடும்போதுதான் உறைத்தது. நல்ல பெயரை யாருக்கும் கேட்காத இடத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவராவது சத்தமாகச் சொன்னார்.

சாம்சன் மஸ்கட் திரும்பினான். குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது. அக்காக்காரிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "வேண்டா, வேண்டா" என்று அதன் பின்னாலேயே சுற்றினார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அது சிரித்துக்கொண்டு திரும்பும். கழனிக்குப் போகிற வழியில் வேண்டா அந்த வாசலில் நின்று, அக்கம்பக்கம் பார்த்து, மெல்ல எப்சிபா என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். குழந்தை அவளைப் பார்க்கும், எல்லோரையும் பார்ப்பதுபோல. சாலவாக்கம் பக்கமிருந்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் வெற்றிலைத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். முனியம்மாள் மகளைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறாள். போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

சாம்சன் அடுத்த லீவுக்கு வந்துவிட்டுப் போன பிறகு, இப்போது ஏஞ்சலுக்கு நாலாவது மாசம். டாக்டரம்மா கத்தியிருக்கிறார். கூட இரத்தம் ஏற்றவேண்டியிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். காலனியில் யாருக்கும் கவலை இல்லை. இந்தத் தடவை பையன்தான், அத்தைக்காரி வாயால் சொல்லியாயிற்றே என்கிறார்கள். ஏஞ்சலும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஐயர் ஏஞ்சல் பெயரைச் சொல்லி, அவளுக்காக அவரவர் மனதில் ஜெபிக்கச் சொன்னார். வேண்டா முழங்காலில் நின்று கண்ணை மூடினாள். பையனாகப் பிறக்கட்டும் என்று கேட்டால் ஏஞ்சல் பிழைப்பாள், அந்தப் பெயர் குழந்தையை விட்டு எந்தக் காலத்திலும் இறங்காது, ஊரிலுள்ள கைக்குழந்தைகள் எல்லாம் மறுபடி இவள் வாசலுக்கு வரும். பெண்ணாகப் பிறந்தால் பெயரின் பொய் உடையும், ஏஞ்சலுடைய வயிறு இன்னொரு தடவை கிழியும். தான் தொட்டிலில் சொன்னது வேறு என்று இன்றைக்கே எழுந்து போய் ஏஞ்சலிடம் சொல்லலாம். சொன்னால் அவள் இந்த ஐந்து மாசத்தை எதைப் பிடித்துக்கொண்டு கழிப்பாள்?

கர்த்தாவே என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் கர்த்தாவே என்றாள். சுற்றிலும் எல்லோரும் ஆமென் சொல்லி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.